நாய் பிடிக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு ஓய்வூதியம் உண்டா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு நகராட்சிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெருநாய் பிடிக்கும் வேலை செய்கிறேன். இதற்குள் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறிவிட்டார்கள். வயது 47. எனக்கு ஓய்வூதியம் கிடைக்குமா? பி.எஃப். பணம் முழுவதையும் இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: நகராட்சியின் நிரந்தரப் பணியாளருக்குரிய ஓய்வூதியம் ஒப்பந்தப் பணியாளரான உங்களுக்கு இல்லை. கடிபடும் ஆபத்தைத் தினமும் சுமப்பவர்களுக்கு அது மறுக்கப்படுவது நியாயமன்று என்பதே என் கருத்து. ஆனாலும், வருங்கால வைப்புநிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும். வைப்புநிதிச் சட்டம் 2011இல் நகராட்சிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒப்பந்ததாரர் பணம் கட்டத் தவறினால், அதைக் கட்டும் பொறுப்பு வேலை வாங்கும் நிறுவனத்தையே சேரும்.

முதலில் உங்கள் வைப்புநிதிக் கணக்கின் பாஸ்புக்கை, உமங் என்ற அரசுச் செயலியில் திறந்து பாருங்கள். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், உங்கள் பங்கு 1,440 என்றும், முதலாளி பங்கு 440 என்றும், ஓய்வூதியப் பங்கு 1,000 என்றும் மூன்று தொகைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த மூன்றாவது தொகை எந்தெந்த மாதங்களில் வரவில்லை என்பதைக் குறித்து வையுங்கள். உங்கள் ஓய்வூதியம் அதைக் கொண்டுதான் அமையும்.

பணத்தை எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பத்து ஆண்டுப் பணிக்காலம் இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுபவர்களுக்கு அதுவரையிலான பணிக்காலம் அழிந்துபோகிறது. பல ஆண்டுகள் உழைத்தும் வெறுங்கையோடு நிற்பவர்களில் பலர் இப்படி எடுத்தவர்களே. மூன்று ஒப்பந்ததாரர்களிடமும் உள்ள கணக்குகளை யு.ஏ.என். என்ற ஒரே வைப்புநிதி உறுப்பினர் எண்ணின்கீழ் மாற்றிக்கொண்டால் காலம் முழுவதும் கூட்டப்படும்.

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் ஓய்வூதியத் தொகை வரும். இடைவெளியின்றி 58 வரை வேலை செய்தால் உங்களுக்கு 23 ஆண்டுகள் சேரும்; பணிக்காலம் 20 ஆண்டுகளை எட்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால் கணக்கில் 25 ஆண்டுகள் வரும். 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் ஏறத்தாழ 4,285 ரூபாய் கிடைக்கும். பெரிய தொகையன்று என்பதை அறிவேன். ஆனால் பணியில் இருக்கும்போது உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தருவதும் இதே திட்டம்தான்.

விடுபட்ட மாதங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான விவரம், அடையாள அட்டை ஆகியவற்றோடு, ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் வைப்புநிதி நிறுவனம் நடத்தும் குறைதீர் முகாமுக்குச் சென்று எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.