ஓவனையே தொட்டதில்லை, காப்ளர் செய்ய வருமா?

கேள்வி இது: "அக்கா, அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாரம் எங்கள் அபார்ட்மெண்டில் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவரும் விருந்து. பட்டியலில் என் பெயருக்கு நேரே பீச் காப்ளர் என்று எழுதிவிட்டார்கள். ஓவனில் இதுவரை எதுவும் செய்ததில்லை. நாங்கள் முட்டையும் சேர்ப்பதில்லை. பேசாமல் கேசரி கிண்டி எடுத்துப் போய்விடவா?"

கேசரியையும் எடுத்துப் போங்கள், யாரும் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. ஆனால் காப்ளர் என்பது பழத்தின்மேல் மாவு வைத்து ஓவனில் வேகவிடும் இனிப்புதான், ஓவனில் கைப்பழக்கம் வர அதைவிடச் சுலபமான பண்டம் கிடையாது. கேக் போல நடுவில் அமுங்கிவிடுமோ என்ற பயம் இல்லை. பை (pie) என்ற பண்டம் போல மாவைத் தேய்த்து விரிக்க வேண்டாம். முட்டை தேவையே இல்லை. கோணல்மாணலாக இருந்தால்தான் அதற்கு அழகு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கீழே பழம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், அதன்மேல் விழும் மாவு ஜில்லென்று இருக்க வேண்டும். காப்ளர் கெடுவது பெரும்பாலும் இது தலைகீழாகிப் போவதால்தான்.

முதலில் 'பிஸ்கட்' என்ற சொல். நாம் டீயில் நனைத்துச் சாப்பிடுவதற்கு இங்கே குக்கி என்று பெயர். இங்கே பிஸ்கட் என்றால் பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும், உள்ளே மெத்தென்ற உப்பு பன். அந்த மாவையே கொஞ்சம் இனிப்பாக்கிப் பழத்தின்மேல் கிள்ளி வைத்து வேகவிட்டால் காப்ளர். ஓட்ஸ் தூவினால் அது க்ரிஸ்ப். தெற்கு மாநிலங்களில் பல வீடுகளில் உருக்கிய வெண்ணெயில் தோசைமாவு போலக் கரைத்த மாவை ஊற்றி, மேலே பழத்தைப் போட்டு, அதையும் காப்ளர் என்றுதான் சொல்வார்கள். யாராவது "எங்கள் வீட்டில் இப்படி இல்லையே" என்றால் குழம்ப வேண்டாம், இரண்டும் காப்ளர்தான்.

கடையில் ஏமாறும் இடங்கள் நாலைந்து. ஊரில் கார்ன் ஃப்ளவர் என்று வாங்கிய வெள்ளைப் பொடிக்கு இங்கே கார்ன் ஸ்டார்ச் என்று பெயர். கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் மக்காச்சோள மாவு கைக்கு வரும், அது பழச்சாற்றைப் பளபளப்பாகக் கெட்டியாக்காது. மைதாவுக்கு ஆல் பர்ப்பஸ் என்று எழுதிய பையை எடுங்கள். செல்ஃப் ரைசிங் என்று இருந்தால் அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும், இந்த அளவுக்கு ஒத்துவராது. வெண்ணெய் ஒரு பவுண்டு டப்பாவில் நாலு குச்சியாக வரும். ஒரு குச்சி 113 கிராம், 8 டேபிள்ஸ்பூன். உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே விற்கும் பட்டர்மில்க் நம் நீர்மோர் இல்லை, நன்றாகப் புளித்துக் கெட்டியாக இருக்கும். அது இல்லையென்றால் மூன்று பங்கு தயிரில் ஒரு பங்கு பால் கலந்துகொள்ளலாம். குழாய் டப்பாவில் வரும் ரெடிமேட் பிஸ்கட் மாவையோ பை க்ரஸ்டையோ வாங்க நினைத்தால் லேபிளில் லார்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பன்றிக் கொழுப்பு.

இனி ஓவன். நம்மவர் வீட்டில் அது வாணலி, தோசைக்கல் அடுக்கும் அலமாரியாகத்தான் இருக்கும். பட்டனை அமுக்குவதற்கு முன் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு பாத்திரம் உள்ளே இருந்தால் போதும், வீடே நாறிவிடும். பேக் என்ற பட்டன்தான் நமக்கு. ப்ராய்ல் என்பது மேலிருந்து தணலாகச் சுடுவது, அதன் பக்கமே போக வேண்டாம். 400 டிகிரி வையுங்கள், அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் சுமார் 200. சூடாகிவிட்டது என்று பீப் அடித்த பிறகும் ஒரு 10 நிமிடம் விடுங்கள். காற்று சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது.

9 அங்குலச் சதுரப் பாத்திரத்துக்கு, ஏழெட்டுப் பேருக்கான அளவு இது. பீச் பழம் துண்டு போட்டது 6 கப், ஏறக்குறைய ஒரு கிலோ. சர்க்கரை அரை கப், கார்ன் ஸ்டார்ச் ஒன்றரை டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய் போட்டாலும் பீச்சுக்குப் பொருந்தும், ஆனால் கால் டீஸ்பூனைத் தாண்டினால் பாயச வாசனை வந்துவிடும். தோலுரிக்க, பழத்தின் அடியில் கத்தியால் ஒரு கூட்டல் குறி கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் சட்டை கழற்றுவது போல் வந்துவிடும். காயாக இருந்தால் வராது, கத்திதான். ஃப்ரோசன் பழமானால் பனி முழுக்க விட்டபின் சாற்றை வடித்து, அந்தச் சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்துத் திரும்பச் சேர்க்கவும். அப்படியே கொட்டினால் காப்ளர் ரசமாகிவிடும்.

எல்லாவற்றையும் கலந்து பாத்திரத்தில் பரப்பி, மாவு இல்லாமலேயே 15 நிமிடம் ஓவனில் வையுங்கள். பல குறிப்புகளில் இந்த வேலை இருக்காது. அதனால்தான் மேலே பொன்னிறமும் அடியில் பச்சை மாவுமாக வருகிறது. பிஸ்கட் மேலிருந்து மட்டும் வெந்தால் போதாது, அடியில் பழத்தின் ஆவியும் அதை வேகவைக்க வேண்டும்.

அந்தக் கால் மணி நேரத்தில் மாவு. மைதா ஒன்றரை கப் (185 கிராம்), சர்க்கரை கால் கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்பசோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். மைதாவைக் கப்பால் அள்ளி அமுக்காதீர்கள், ஸ்பூனால் கப்பில் போட்டு மேலே வழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அளவு கூடி பிஸ்கட் வறண்டு போகும். இதில் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் முக்கால் குச்சி (85 கிராம்) சிறு துண்டுகளாக. புட்டுக்கு மாவு பிசிறுவது போல விரல் நுனியால் பிசிறுங்கள். உள்ளங்கை பட வேண்டாம், உள்ளங்கைச் சூட்டுக்கு வெண்ணெய் உருகிவிடும். பட்டாணி அளவில் வெண்ணெய் கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். ஓவன் சூட்டில் அந்த ஒவ்வொரு துண்டிலும் உள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும், அந்த மென்மை அதிலிருந்துதான் வருகிறது.

இப்போது குளிர்ந்த பட்டர்மில்க் முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக, 160 மில்லி. ஃபோர்க்கால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். அங்கங்கே உலர் மாவு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கே சும்மா இருக்காது, கட்டிப்போடுங்கள். பிசையப் பிசைய மாவில் இழுவை ஏறி, வெந்ததும் ரப்பர் போல் ஆகிவிடும்.

பழத்தை வெளியே எடுத்து, சூடு ஆறுவதற்குள் மாவை எட்டு ஒன்பது உருண்டைகளாகக் கிள்ளி வையுங்கள். மட்டம் தட்ட வேண்டாம். இடையிடையே பழம் தெரிய வேண்டும், ஆவி போக வழியில்லாவிட்டால் மாவின் அடிப்பக்கம் களியாகிவிடும். மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி மறுபடி ஓவனில் 25 நிமிடம். கீழ்த் தட்டில் ஒரு ட்ரே வைக்க மறக்காதீர்கள். சாறு பொங்கி ஓவன் தரையில் விழுந்தால் கருகிப் புகையும், புகை அலாரம் அலறும். பல அபார்ட்மெண்டுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும். அதனால் ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

வெந்ததா என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் பழம் கொதிப்பதைக் கவனியுங்கள். பாயசம் போலச் சின்னக் குமிழிகள் வேகவேகமாக வந்தால் இன்னும் ஆகவில்லை. அல்வா பதம் வரும்போது வருமே, 'பொத்' 'பொத்'தென்று கனமான குமிழி, அதுதான் கணக்கு. கார்ன் ஸ்டார்ச் கொதிநிலையை எட்டினால்தான் கட்டிப்படும். நடுவில் உள்ள பிஸ்கட்டைப் புரட்டிப் பாருங்கள், அடி ஈரமாவாக இருந்தால் மேலே ஃபாயிலைத் தளர்வாகப் போட்டு இன்னும் 5 நிமிடம். வெளியே எடுத்ததும் தண்ணீராகத்தான் தெரியும். அரை மணி நேரம் ஆறினால் இறுகிவிடும்.

பிஸ்கட் உப்பவே இல்லையென்றால் பேக்கிங் பவுடர் பழசு. அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும், இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

கண்ணாடிப் பாத்திரமானால் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்கக் கூடாது, வெடித்துச் சிதறலாம். தூக்கி எறியும் அலுமினிய ட்ரேயில் பழப்புளிப்பு இரவெல்லாம் இருந்தால் உலோக வாசனை ஏறும். ஆள் அதிகமென்றால் 9-க்கு 13 அங்குலப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்குங்கள்.

பாட்லக் அன்று காலையிலேயே செய்துவிடலாம். சூடாக இருக்கும்போது இறுக்கி மூடாதீர்கள், ஆவி திரும்பச் சொட்டி பிஸ்கட் ஊறிப்போகும். போவதற்குமுன் 350 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் மேல்பாகம் மறுபடி மொறுமொறுக்கும், மைக்ரோவேவ் வேண்டாம். கூட ஐஸ்க்ரீம் வாங்கினால் ஃப்ரெஞ்ச் வனிலா என்பதில் முட்டை மஞ்சள் கரு இருக்கும், சாதா வனிலாவிலும் லேபிளைப் பார்த்துவிடுங்கள். 'கோதுமை, பால் உண்டு. முட்டை, நட்ஸ் இல்லை' என்று ஒரு சீட்டில் எளிதாக ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள், இங்கே முதலில் கேட்பது அதைத்தான். பெரிய கரண்டி ஒன்றும் கையோடு கொண்டுபோங்கள். காப்ளரைத் துண்டு போட்டு எடுக்க வராது, அள்ளித்தான் போட வேண்டும்.