அவசரமாகப் போகும் போலீஸ் கார் மோதி ஒருவர் இறந்தால், அமெரிக்காவில் ஓட்டியவருக்கு என்ன ஆகும்?

கேள்வி இது: "அவசர அழைப்புக்கு விரைகிற போலீஸ் கார் மோதி, ரோட்டைக் கடந்தவர் இறந்தால் ஓட்டிய போலீஸ்காரர் மேல் கேஸ் வருமா? இறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த மாணவர் என்றால் பெற்றோருக்கு நஷ்ட ஈடாவது கிடைக்குமா?"

கேஸ் வரலாம், பெரும்பாலும் வராது. வேலை போகலாம், அதற்கே வருடங்கள் ஆகும். நஷ்ட ஈடு கேட்க வழி இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், நான் இருக்கும் சியாட்டிலில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

2023 ஜனவரி 23, இரவு நேரம். டெக்ஸ்டர் அவென்யூவும் தாமஸ் தெருவும் சந்திக்கிற இடம். அமேசான் அலுவலகங்களிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்குப் பழக்கமான பகுதி. ஆந்திராவிலிருந்து எம்.எஸ். படிக்க வந்திருந்த 23 வயதுப் பெண் ஜீப்ரா கோட்டில் கடந்துகொண்டிருந்தார். போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று வந்த ஒரு அழைப்புக்காக கெவின் டேவ் என்ற போலீஸ்காரர் அந்த வழியே வந்தார். அங்கே வேக வரம்பு மணிக்கு 25 மைல். அவர் வந்தது 74 மைலில். மோதும்போது வேகம் 63. அந்தப் பெண் 138 அடி தூக்கி வீசப்பட்டார்.

கிலோமீட்டர் கணக்கில், 40 போக வேண்டிய தெருவில் 119. நொடிக்கு 33 மீட்டர். நூறு மீட்டர் தள்ளி ஒரு கார் வருவதைப் பார்த்தால், அந்தத் தெருவின் வேகத்துக்கு ஒன்பது நொடி இருக்கிறது, கடந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அவருக்கு இருந்திருக்கக்கூடியது மூன்று நொடி. விளக்குகள் எரிந்தன. ஆனால் சைரனைத் தொடர்ந்து அடிக்காமல், சந்திப்புகளில் விட்டு விட்டுத்தான் அடித்திருக்கிறார். 50 மைலுக்குள் வந்திருந்தால் இந்த மோதலே நடந்திருக்காது என்று காவல்துறையின் சொந்த விசாரணை அறிக்கையே சொன்னது.

இவ்வளவு இருந்தும் கிங் கவுண்டி தலைமை அரசு வழக்கறிஞர் லீசா மேனியன் 2024 பிப்ரவரியில் கிரிமினல் வழக்கு இல்லை என்று அறிவித்தார். வாஷிங்டன் மாநிலத்தில் வாகனக் கொலைக் குற்றம் நிற்க வேண்டுமென்றால் ஓட்டியவர் போதையில் இருந்திருக்க வேண்டும், அல்லது கண்மூடித்தனமாக ஓட்டியிருக்க வேண்டும், அல்லது பிறர் உயிரைத் தெரிந்தே மதிக்காமல் ஓட்டியிருக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு போதாது. உயிரைக் காப்பாற்றத்தான் போனேன் என்று ஒரு போலீஸ்காரர் சொல்லும்போது, 'தெரிந்தே மதிக்கவில்லை' என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாது என்றது அவர் அலுவலகம். என் பார்வையில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அவசர வாகனம் வேக வரம்பை மீறலாம், ஆனால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரக்கூடாது என்று இதே மாநிலத்தின் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த நிபந்தனையை மீறினால் என்ன என்று கேட்டால், பதில் அபராதச் சீட்டு அளவில் நின்றுவிடுகிறது. இவருக்கு நகரத்தின் சட்ட அலுவலகம் கொடுத்ததும் அதுதான்: கவனக்குறைவாக ஓட்டியதற்கு 5,000 டாலர்.

ஊர் கொதித்ததற்குக் காரணம் இன்னொருவர். டேவ் போதையில் இருந்தாரா என்று சோதிக்க அனுப்பப்பட்ட டேனியல் ஆடரர், அப்போது போலீஸ் சங்கத்தின் துணைத் தலைவர். (சக போலீஸ்காரரைச் சோதிக்கச் சங்கத் தலைவர்களில் ஒருவரையே அனுப்புவது எந்த ஊர் நியாயமோ!) பிறகு அவர் சங்கத் தலைவரிடம் போனில் பேசியபோது பாடி கேமராவை அணைக்கவில்லை. அந்தப் பெண்ணின் உயிருக்குப் பெரிய மதிப்பில்லை, 11,000 டாலருக்குச் செக் எழுதினால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னது பதிவானது. வயதைக்கூட 26 என்று தப்பாகச் சொன்னார். நகரத்தின் வக்கீல்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கிண்டல் செய்தேன் என்பது அவர் தரப்பு விளக்கம். 2023 செப்டம்பரில் வீடியோ வெளியானது, இந்தியத் தூதரகம் வரை கண்டனம் வந்தது.

சரி, முடிவைப் பாருங்கள். சிரித்தவருக்கு 2024 ஜூலையில் வேலை போனது. ஓட்டியவருக்கு 2025 ஜனவரியில்தான் போனது, அதாவது சம்பவம் நடந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து. சிரித்தவரை நீக்கியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீடியோ மட்டும் வெளியே வராமல் இருந்திருந்தால், ஓட்டியவர் விஷயத்தை யாராவது இவ்வளவு தூரம் துரத்தியிருப்பார்களா? அதோடு, எந்த மாதிரி அழைப்புக்கு எவ்வளவு வேகம் போகலாம் என்று அந்த இரவில் ஒவ்வொரு போலீஸ்காரரின் முடிவுக்கே விட்டுவைத்த மேலதிகாரிகள் இந்தக் கதையில் எங்குமே வரவில்லை. ஒருவரை வீட்டுக்கு அனுப்பியதோடு கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

இப்போது பெற்றோர் விஷயம். 2024 செப்டம்பரில் குடும்பம் நகரத்தின் மீதும் டேவ் மீதும் வழக்குப் போட்டது. கேட்ட தொகை 11 கோடி டாலர், அதற்கு மேல் தனியாக ஒரு 11,000 டாலர். அந்த 11,000 எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வழக்கைப் போட முடிந்ததே சமீபத்து மாற்றத்தால்தான். 2019 வரை வாஷிங்டனில், திருமணமாகாத வயது வந்த பிள்ளை இறந்தால், பெற்றோர் அந்தப் பிள்ளையின் வருமானத்தை நம்பி வாழ்பவர்களாகவும் அமெரிக்காவில் வசிப்பவர்களாகவும் இருந்தால்தான் நஷ்ட ஈடு கேட்கலாம். 2015-ல் சியாட்டிலின் அரோரா பாலத்தில் சுற்றுலா வண்டி ஒன்று கல்லூரிப் பேருந்தில் மோதி வெளிநாட்டு மாணவர்கள் இறந்தபோது இந்த விதி எவ்வளவு கொடூரமானது என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2019-ல் இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் வாழ்க்கையில் நெருங்கிய பங்கு இருந்தது என்று காட்டினால் போதும், பெற்றோர் ஆந்திராவின் ஆதோனியில் இருந்தாலும் ஆம்பூரில் இருந்தாலும் கேட்கலாம்.

நகரத்தின் மீது வழக்கு என்றால் முதலில் நகர அலுவலகத்தில் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பாடி கேமரா, காரின் முன் கேமரா பதிவு, அவசர அழைப்பின் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பொது ஆவணச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். வக்கீல் கிடைக்கும் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.