டோர்டோன் ஆத்துல ஓடுற 'கபார்' படகுன்னா என்ன?

பிரான்ஸ் தென்மேற்குல டோர்டோன் ஆத்தங்கரையில, லா ரோக் காஜாக்னு பாறையை ஒட்டிக்கிட்டு நிக்கிற அழகான ஊருக்குப் போனா முதல்ல கண்ணுல படுறது இதுதான், அடி தட்டையா இருக்குற மரப்படகு. ஆத்துல பல இடத்துல ஆழம் கம்மி, கூர் அடிப் படகுன்னா தரை தட்டிரும், அதான் தட்டை. மேல்பக்க மலைக்காட்டுலருந்து ஒயின் பீப்பாய்க்கான மரத்தை ஏத்திட்டு வெள்ளம் ஏறுற சமயத்துல கீழ இறங்குவாங்க, எதிர்நீரோட்டத்துல திரும்ப ஏத்துறது பெரும்பாடுங்கறதால நிறைய படகை அங்கேயே பிரிச்சு மரமா வித்துருவாங்க. ஆப்பிள் வந்த பெட்டியை உடைச்சு அடுப்புல வைக்கிறோமே, அந்தக் கதைதான். அப்புறம் ரயில் வந்துச்சு, தொழில் படுத்துருச்சு. இப்ப டூரிஸ்டுகளை ஏத்துறது அந்தக்கால படகுன்னு நெனச்சுக்காதீங்க, அதே மாடல்ல புதுசா செஞ்சது, மோட்டார் வெச்சது.