றிமோட் பட்டன் அமத்தினா வேலை செய்யேல்லை, வீட்டில திருத்தலாமோ?

ரீவி றிமோட்டில வொல்யூம் பட்டனை இறுக்கி அமத்தினாத்தான் வேலை செய்யுதெண்டு கேட்டிருக்கிறியள், அவசரப்பட்டு புதுசு வாங்காதேங்கோ. மற்ற பட்டனெல்லாம் ஓகே எண்டா பிழை அந்தப் பட்டனுக்குக் கீழதான். பற்றரியைக் கழட்டி, ஸ்குரூ இருந்தா அதையும் கழட்டிப்போட்டு பழைய பிளாஸ்ரிக் காட் ஒண்டை விளிம்பில விட்டு மெல்ல நெம்பினா ரெண்டாப் பிரியும். உள்ள றப்பர் சீற்றைத் தூக்கிப் பாருங்கோ, ஒவ்வொரு பட்டனுக்குக் கீழயும் கறுப்பா ஒரு குட்டி வட்டம் இருக்கும், அது காபன், அதுதான் கீழ இருக்கிற சேர்க்கிட் போர்ட்டில முட்டி கரண்டைக் கடத்திறது, கனகாலம் பாவிக்க அது தேஞ்சுபோகும் இல்லாட்டி எண்ணெய்ப்பிசுக்கு படிஞ்சுபோகும். பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை பஞ்சில தொட்டு போர்ட்டை நல்லாத் துடையுங்கோ, காபனை மட்டும் மெதுவா, அழுத்தித் தேச்சா இருக்கிறதும் போயிடும். பெரும்பாலும் இதோடயே சரிவரும். வராட்டி வெள்ளித்தாளில அந்த வட்டத்தின்ர அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பேப்பர் இல்லாத பக்கம் போர்ட்டைப் பாக்கிறமாதிரி ஒரு பொட்டு சூப்பர் குளூவால காபனுக்கு மேல ஒட்டுங்கோ.

பற்றரி ஸ்பிரிங்கையும் ஒருக்காப் பாருங்கோ, எங்கட யாழ்ப்பாணத்து உப்புக்காத்துக்கு கெதியா கறள் பிடிக்கும். அல்கலைன் பற்றரி கசிஞ்சு வெள்ளையாப் பூத்திருந்தா தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைச்சு, பிறகு ஸ்பிரிட்டாலயும் துடைச்சு, நல்லாக் காயவிட்டுத்தான் மூடவேணும்.