மூட்டை விழும் திடல் (கடிதம்)

வணக்கம்.
தெற்கு சூடான் செய்திகளைப் படித்தால் தூக்கம் வருவதில்லை. மழையில் லாரி போகாது என்கிறார்கள். விமானத்திலிருந்து உணவைப் போட்டுவிட்டால் தீர்ந்ததே? நான் பணம் அனுப்ப நினைக்கிறேன், வரிவிலக்கு கிடைக்குமா?
ச., ஈரோடு

அன்புள்ள ச.,

வரிவிலக்கை ஆடிட்டரிடம் கேளுங்கள். முகம் தெரியாதவர் பசிக்காகத் தூக்கம் கெடுகிறதே, அந்த மனசு உங்களிடம் என்றும் இருக்கட்டும். ஆனால் 'போட்டுவிட்டால் தீர்ந்ததே' என்று எப்படி எழுதினீர்கள்? சில நாட்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பதே அந்த எண்ணம்தான்.

அங்கே பெரும்பகுதி கரிசல். மழை விழுந்தால் லாரி அச்சுவரை புதையும், ஆகவே விமானம். சரி, கணக்குப் போடுங்கள். இல்யூஷின்-76 என்ற பெரிய சரக்கு விமானம் ஒரு நடைக்குச் சுமார் 30 டன் சுமக்கும். 50 கிலோ மூட்டையாக 600. ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் தானியம் என்றால் 2,500 பேருக்கு ஒரு மாதம். பருப்பு, எண்ணெய் தனி. செலவோ தரைவழியைப்போல ஏழு மடங்குவரை.

செலவுகூடப் போகட்டும். கீழே ஆள் இல்லாமல் மேலே விமானத்துக்கு வேலையே இல்லை. முதலில் ஹெலிகாப்டரில் ஒரு சிறு குழு போய் இறங்க வேண்டும். கூடாரத்தில் தங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, குடும்பம் குடும்பமாகப் பெயர் பதிய வேண்டும். தண்ணீர் தேங்காத திடலைப் பார்த்து அடையாளம் போட வேண்டும். ஆடு மாடு, பிள்ளைகள் எல்லோரையும் விலக்கி, 'திடல் காலி' என்று ரேடியோவில் சொன்ன பிறகே விமானி தாழ்ந்து வருவார். சில நூறு மீட்டர் உயரத்தில் விமானத்தின் மூக்கைச் சற்றுத் தூக்குவார்; திறந்த பின்கதவு வழியே மூட்டைகள் தாமே சரியும். தானியத்துக்குப் பாராசூட் கிடையாது. சாக்குக்குள் சாக்கு போட்டிருப்பார்கள், உள்ளது கிழிந்தாலும் வெளியே இருப்பது தாங்கும். அந்த வேகத்தில் வரும் 50 கிலோவுக்கு அடியில் ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன ஆகும், யோசித்தீர்களா?

2016 பிப்ரவரியில் சிரியாவின் தெய்ர் எஸ்ஸோர் நகரில், சண்டையால் தாழப் பறக்க வழியில்லாமல், ஐ.நா.வின் உணவு அமைப்பினர் வெகு உயரத்திலிருந்து பாராசூட் கட்டி 21 சுமைகளைப் போட்டார்கள். நான்கு சிதைந்தன, ஏழு போர்முனைகளுக்கு நடுவே விழுந்தன, பத்துக்குக் கணக்கே இல்லை. முறையைத் திருத்திய பிறகு 2017 வரை 300 தடவைக்கு மேல் போட்டார்கள். அப்போதும் பொறுக்கி எடுத்து, பங்கிட்டுக் கொடுத்தது தரையில் நின்ற செம்பிறைச் சங்கத்தார் (நம் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்கள்).

தெற்கு சூடானிலும் சண்டையிடும் தரப்புகளில் ஒன்று அனுமதி தர மறுத்தாலும் குழு இறங்காது. குழு இறங்காவிட்டால், சோளம் கிடங்கில் இருந்தும் விமானம் கிளம்பாது.

பணம் அனுப்பும்போது 'உணவுக்கு மட்டும்' என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். ரேடியோவும் கூடாரமும் திடலில் நிற்பவரின் சம்பளமும் அந்தக் கணக்கில் வராது.