ஒரே உறுதிமொழி, வேறு வேறு வீடுகள்

கேள்வி: கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரி சென்று செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். மாஹேயின் மலையாளிகள், ஏனாமின் தெலுங்கர், மணிப்பூர் மாணவியர் எனப் பலரும் கலந்த வகுப்பு. வார்டில் ஒரு முதியவருக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் தெரிவிக்க வேண்டாம் என்று அவருடைய மகன் கேட்டுக்கொண்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மணிப்பூர் தோழியோ மறைப்பது தவறு என்றார். சொந்த விழுமியங்களை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கடலூர்

பதில்: விட்டுவிட முடியாது. தொழில் விழுமியங்களும் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. செவிலியர் மாணவியர் விளக்கேற்றும் விழாவில் சொல்லும் உறுதிமொழி, நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரைத் தாங்கினாலும், 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. அதில் மருத்துவருக்குத் துணைநிற்பது உண்டு. நோயாளி தானே முடிவெடுக்கும் உரிமையைப் பற்றிய பேச்சு இல்லை. 2008இல் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகளின் சங்கம் பட்டப்படிப்புக்கு வகுத்த பட்டியலிலோ பிறர்நலம், மனித மாண்பு, நேர்மை, சமூக நீதி ஆகியவற்றோடு அந்தத் தன்னுரிமையும் இடம்பெற்றது.

இந்த ஐந்தையும் உங்கள் வகுப்பில் எவரும் மறுக்கப்போவதில்லை. ஒரே கட்டிலருகே இரண்டு மோதும்போது எதை முன்னே வைப்பது என்பதில்தான் வளர்ந்த வீடு குறுக்கிடுகிறது. நீங்கள் மகனின் பரிவை முன்வைத்தீர்கள், தோழி முதியவரின் உரிமையை முன்வைத்தார். ஆனால் அதை மணிப்பூர்க் குணம் என்று எழுதிவிடாதீர்கள். அங்கும் நோயை மறைக்கும் குடும்பங்கள் இருக்கும். "எனக்கு என்னவென்று ஒளிக்காமல் சொல்" என்று அதட்டும் தாத்தாக்கள் கடலூரிலும் உண்டு.

உங்கள் இருவர் வாதத்திலும் அந்த முதியவரின் குரல் இல்லையே! தம் உடல்நிலை குறித்து எவ்வளவு அறிய விரும்புகிறார், யாரை உடன் வைத்துக்கொண்டு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்கலாம். ஒருவேளை மகனிடமே விட்டுவிடச் சொல்வார். அப்படிக் கேட்பதும் நோயின் பெயரைத் தெரிவிப்பதும் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் பொறுப்பு, மாணவியின் வேலையன்று. மகனின் வேண்டுகோளை வார்டு பொறுப்புச் செவிலியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். முதியவர் உங்களிடம் நேரே கேட்டால், "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்லாமல், மருத்துவரை அழைத்து வருவதாகக் கூறுங்கள்.

நீங்கள் தமிழ் தெரிந்தவர் என்பதால் முதியவர் உங்களிடம்தான் முதலில் கேட்பார். தோழிக்காக மொழிபெயர்க்க நேர்ந்தால், மகன் அருகில் நிற்கிறார் என்பதற்காக முதியவர் கேட்டதில் ஒரு சொல்லையும் குறைத்துவிடாதீர்கள்.