முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்த இணையதளத்தை நம்பலாமா?

மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். சிட்டா எடுக்கவும் பயிர்க் காப்பீடு பதியவும் வருகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். விதை நெல் மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைத்தான் அவர்களுக்குக் காட்டுவேன்.

சான்று விதைக்கு நீல அட்டை. அதன் தாய் ஆதார விதை, வெள்ளை அட்டை. அதற்கும் மேலே வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது தளத்தின் இணையச் சான்றிதழ். அதற்கும் இப்படி வம்சாவளி உண்டு. தளத்தின் சான்றிதழில் ஓர் இடைநிலை அமைப்பு கையொப்பமிட்டிருக்கும். அதற்கு ஒரு மூல அமைப்பு. மூல அமைப்புகளின் பட்டியல் உங்கள் கைபேசியில் முன்பே இருக்கிறது. வம்சாவளி அந்தப் பட்டியலில் போய் முட்டினால்தான் பிரவுசர் ஒப்புக்கொள்ளும். பிறகு பிரவுசரும் தளமும் அந்த இணைப்புக்கு மட்டும் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் பதர்.

நீல அட்டைக்கு 9 மாதக் கெடு. இணையச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் கெடுவும் உண்டு என்பதை ஒரு நவம்பரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, வாசல் வரை வரிசை. இரவெல்லாம் மின்சாரம் இல்லை. காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’. இணைய நிறுவனத்தை அரை மணி நேரம் திட்டிய பிறகுதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2009! மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்திருந்தது. அந்தக் கணினியின் கணக்கில் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் அட்டை உவமை ஓரிடத்தில் உதவாது. நீல அட்டை போட்ட நெல்லில் நூற்றுக்கு 80 ஆவது முளைக்கிறதா என்று சோதித்திருப்பார்கள். இணையச் சான்றிதழில் முளைப்புச் சோதனை கிடையாது. பெரும்பாலானவை சொல்வது, இந்த முகவரி இவர் வசம் இருக்கிறது என்பதை மட்டுமே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது. என் கடைத் தளத்துக்கும் அதுதான். மோசடிக்காரனுக்கும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். பூட்டைக் கண்டதும் தளமே நல்லது என்று மக்கள் எண்ணியதால், குரோம் 2023இல் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது.

ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அரசுத் தளம் என்றால் ‘https://’ போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ‘.ஜிஓவி.இன்’ (.gov.in) என்று புள்ளியோடு முடிகிறதா என்று பாருங்கள். போன மாதம் ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைக் கொண்டுவந்தார். பூட்டு இருந்தது, ‘ஜிஓவி’யும் இருந்தது, நடுவில். முடிவில் டாட் காம்.